பத்தாவது செங்கல்

செத்தவர் ஒருவர் பரிசு வாங்கியிருந்தார்.

அதைக் கண்டுபிடித்தவன் கிளிஃப். கண்டுபிடிக்க வேண்டும் என்று அவன் தேடவில்லை. ஆல்டர்ஷா ரோவர்ஸ் ரக்பி கிளப்பின் மதுக்கூடத்தில், வியாழக்கிழமை பிற்பகலில், அவனுக்குச் செய்ய வேறு வேலை இருக்கவில்லை. எதிரே ரோனா ஹெப்டன் மூன்று மணி நேரமாக வீரர்களின் சம்பளச் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தாள். அவன் இங்கே கடைசியாக நடந்த ஆட்டத்தில் விற்ற சிற்றேட்டை எடுத்து, விளம்பரங்களைக்கூட விடாமல் படித்துக்கொண்டிருந்தான். வெளியே தூறல். மைதானத்தில் புல்லைத் தவிர யாரும் இல்லை.

"மேடம், செத்துப்போனவங்க குலுக்கல் சீட்டு வாங்கலாமா?"

"கிளிஃப், நாளைக்குக் காலையில பத்து மணிக்கு விசாரணை. கையில ஒண்ணும் இல்ல. உன் ஜோக்குக்குச் சிரிக்க நேரம் ஒதுக்கலை."

"ஜோக் இல்ல. இதைப் பாருங்க."

ரோனா பார்க்கவில்லை. லீக் நிர்வாகத்தின் சம்பள விசாரணை அதிகாரி அவள். ஐம்பத்திரண்டு வயது, அதற்கு முன் வரித்துறையில் இருபது ஆண்டு. போகிற ஊரில் எல்லாம் அவளுக்கு ஒரே மாதிரி விடுதி அறை, ஒரே மாதிரி முட்டை சாண்ட்விச், ஒரே மாதிரி மௌனம். அவள் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். கிளிஃப் மட்டும் நிறுத்த மாட்டான். முன்னாள் ஆட்டக்காரன், உதை வாங்கி வாங்கி அவன் காதுகள் வாடிய காலிஃபிளவர் போல இருக்கும். அவனை உதவிக்கு வைத்திருப்பதற்கு அவள் மேலிடத்தில் சொன்ன காரணம், ஆட்டக்காரர்களின் பாஷை தெரிந்தவன் என்பது. சொல்லாத காரணம், காரில் ஒரு குரல் வேண்டியிருந்தது.

அவர்களை இங்கே இழுத்து வந்தது ஒரு மொட்டைக் கடிதம். மூன்றே வரி.

'1147-க்கு வியாழன்தோறும் ஓர் உறை போகிறது. கணக்குப் புத்தகத்தில் தேடாதீர்கள். சீக்கிரம் வாருங்கள்.'

இந்தப் பிரிவில் ஒரு கிளப் தன் ஆட்டக்காரர்களுக்கு மொத்தம் இவ்வளவுதான் சம்பளம் தரலாம் என்று உச்சவரம்பு உண்டு. பணம் உள்ளவன் எல்லாரையும் வாங்கிவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி. ஆல்டர்ஷா அந்த வரம்புக்கு வாரம் நூறு பவுண்டு கீழே, நூலில் நடப்பது போல நின்றுகொண்டிருந்தது. கணக்கில் வராத உறை ஒன்று நிரூபணமானால் பன்னிரண்டு புள்ளி வெட்டு. பன்னிரண்டு போனால் கீழ்ப்பிரிவு. ஏற்கனவே மின்கட்டணத்துக்குத் தவணை கேட்கும் கிளப் அதோடு கதவைச் சாத்திவிடும்.

காலையில் கிளப் தலைவர் கோர்டன் பிரியர்லி புத்தகங்களைத் தானே தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். கேரவன் வண்டிகள் விற்பவர். சிரிப்பு, விற்பனைக்கு நிறுத்திய வண்டி மாதிரி மினுமினுத்தது.

"எல்லாருக்கும் சம்பளச் சீட்டு இருக்கு மேடம். ஒரு காசு பிசகாது. வங்கிப் பட்டியலை நாளைக்கு எங்க வக்கீல் நேரா விசாரணைக்கே கொண்டாந்துடுவார்."

"1147 யாரு?"

"யாருன்னா? ஏதாவது வண்டி நம்பரா இருக்கும்."

அவர் போன பிறகுதான் கிளிஃப் வாயைத் திறந்தான். "அது வண்டி இல்ல மேடம், ஆளு. இந்தக் கிளப்புக்காக முதல் தடவை இறங்குற ஒவ்வொருத்தனுக்கும் ஒரு வரிசை எண் கொடுப்பாங்க. நூத்தி இருபது வருஷமா ஓடுது. அவன் செத்தாலும் அந்த எண் வேற யாருக்கும் போகாது. நானும் இங்க மூணு ஆட்டம் ஆடினேன். மூணாவதுல எங்க ஆளே என் மூக்கை உடைச்சான். ஆனா எண் இருக்கு."

மதுக்கூடச் சுவரில் பெரிய மரப்பலகை. தங்க எழுத்தில் பெயர்களும் எண்களும். ரோனா நாற்காலி போட்டு ஏறிக் கடைசி வரி வரை தேடினாள். பலகை 1120-ஓடு நின்றுவிட்டது. எழுத்துக்காரருக்குக் கூலி கொடுக்க மூன்று வருடமாகப் பணம் இல்லையாம். மீதி எண்கள் வில்ஃப் தோர்ன்லி என்பவரின் பதிவேட்டில் இருப்பதாகக் கண்ணாடிக் குவளை துடைக்கும் பெண் சொன்னாள். மைதானத்துக்கு எதிர்வீடு. மனிதர் சந்தைக்குப் போயிருக்கிறார், நாலரைக்கு வருவார். அதுவரை சம்பளச் சீட்டுதான்.

"மேடம்," என்றான் கிளிஃப் மறுபடி. "இடைவேளைக் குலுக்கல். மூன்றாம் தேதி ஆட்டத்தின் வெற்றியாளர்: 'முனகல்' ஜாக் லம். பரிசு அறுநூறு பவுண்டு."

"சரி. அதுக்கென்ன?"

"இவரோட சவப்பெட்டியை நான் தூக்கியிருக்கேன். முன்பக்கம், இடது மூலை. தூக்க ஆள் பத்தலைன்னு கிளப்புல இருந்து எங்க ஆறு பேரை அனுப்பினாங்க. அவர் அதுல படுத்திருந்தார்னு நான் சத்தியம் பண்ணுவேன். கனம் இன்னும் தோள்ல இருக்கு."

"வேற ஜாக் லம்மா இருக்கலாம்."

"வேற ஜாக் லம் இருக்கலாம். வேற முனகல் இருக்க முடியாது. நாங்க ஜெயிச்சா மழையைத் திட்டுவார். மழை இல்லாம ஜெயிச்சா வெயிலைத் திட்டுவார்."

ரோனா முதல் தடவையாகச் சம்பளச் சீட்டிலிருந்து கண்ணை எடுத்தாள். "பழைய சிற்றேடு எல்லாம் எங்க இருக்கும்?"

விற்காத சிற்றேடுகள் மதுக்கூடத்தின் மூலையில் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. விற்காதவைதான் அதிகம். இந்தப் பருவம் முழுவதையும் மேசையில் வரிசையாகப் பரப்பினார்கள். மார்ச் வரை குலுக்கலில் ஜெயித்தவர்கள் சாதாரண மனிதர்கள்: கறிக்கடைக்காரர், பள்ளி ஆசிரியை, எதிரணி ரசிகர் ஒருவர். அதற்குப் பிறகு ஒன்பது சொந்த மைதான ஆட்டங்கள். ஒன்பது பெயர்கள்.

"பாதிப் பேருக்குப் பேரோட ஒரு பட்டப்பெயர் இருக்கு," என்றாள் ரோனா. "குலுக்கல்ல பரிசு வாங்குறவன் பட்டப்பெயர் சொல்லி வாங்க மாட்டான். இது எங்கேயோ இருந்து பார்த்து எழுதினது. இந்த ஊர்ல பட்டப்பெயரோட பேர் எழுதி வைக்கிற இடம் எது?"

கிளிஃப் யோசிக்கவில்லை. குடையை எடுத்தான்.

மைதானத்தின் வாயிலை ஒட்டிய சுவர் அது. பல வருடங்களுக்கு முன் கூரை ஒழுகியபோது பணம் திரட்டுவதற்காகக் கட்டியது. ஐம்பது பவுண்டு கொடுத்தால் செத்துப்போன உங்கள் ஆளின் பெயரை ஒரு செங்கல்லில் பொறித்துப் பதிப்பார்கள். நானூறு செங்கல். சிலவற்றின் கீழே பிளாஸ்டிக் பூக்கள், ஒரு குழந்தையின் காலுறை, ஒரு பீர் புட்டி.

பதினைந்து நிமிடத்தில் ஒன்பதும் கிடைத்துவிட்டன. ஹெட்டி கிராப்ட்ரீ. ஸ்டான் 'குழாய்' ஓல்ட்ராய்ட். 'முனகல்' ஜாக் லம். ஒரு எழுத்து மாறவில்லை.

"மார்ச்சுக்கு அப்புறம் இந்த ஊர்ல அதிர்ஷ்டம் செத்தவங்களுக்கு மட்டும்தான் போல," என்றான் கிளிஃப்.

ரோனா அந்த ஒன்பது செங்கற்களையும் ஒரு முறை பார்த்தாள், பிறகு மற்றவற்றை. ஒன்பதின் கீழேயும் ஒன்றும் இல்லை. பூ இல்லை, புட்டி இல்லை. பாசி மட்டும்.

"குலுக்கலை நடத்துறது யாரு?"

கிளிஃப் சிற்றேட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். பொடி எழுத்தில் இருந்தது. "வில்ஃப் தோர்ன்லி. நாம பார்க்கப் போற அதே ஆளு."

தெருவைக் கடந்தால் வீடு. ரோனா நேராக முன்கதவுக்குப் போய்க் கையை ஓங்கினாள். கிளிஃப் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

"வேண்டாம் மேடம். இந்த ஊர்ல முன்கதவைத் தட்டினா போலீஸ் வந்திருக்குன்னு நினைப்பாங்க. இல்லேன்னா யாரோ செத்துட்டாங்கன்னு. தெரிஞ்சவங்க எல்லாம் பின்பக்கம்தான்."

"நாம தெரிஞ்சவங்களா?"

"இல்ல. ஆனா டீ வேணும்னா பின்பக்கம்."

பின்கதவு திறந்தே இருந்தது. எழுபத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான, கழுத்துப்பட்டை கட்டிய மனிதர் அடுப்பின் முன் குனிந்து நின்றார். திரும்பிப் பார்த்தார். முகத்தில் பயம் இல்லை. ரோனா அதைக் குறித்துக்கொண்டாள்.

"992 தானே நீ?" என்றார் கிளிஃபைப் பார்த்து. "மூணு ஆட்டம். ஒரு மூக்கு."

"ஞாபகம் வெச்சிருக்கீங்களே!"

"எல்லாரையும் வெச்சிருக்கேன் கண்ணு. வேற என்ன வேலை எனக்கு? உக்காருங்க. நீங்க லீக்குல இருந்து வந்த அம்மாதானே? டீயில பால் விடலாமா?"

சமையலறை துடைத்து வைத்தது போல இருந்தது. மேசையில் இரண்டு தட்டு, இரண்டு முள்கரண்டி. அடுப்பில் வேகும் வாசனை பழக்கமானதும் இல்லை, புதியதும் இல்லை.

"இது என்ன, சர்க்கரைவள்ளியா?" என்றான் கிளிஃப்.

"பாதிக்குப் பாதி. மேலே என் வீட்டுக்காரி ஐவி செய்யுற மாதிரி கறி அப்பம். கீழே கிழங்கு. அது இல்லாம அவனுக்கு இறங்காது. மார்க்கெட்ல ஒரே ஒரு கடையில கிடைக்குது, ரெண்டு பஸ் மாறிப் போறேன்."

"அவன்னா?"

"ஓபெத். 1147."

சொல்லிவிட்டு டீயை ஊற்றினார். கிளிஃப் ரோனாவைப் பார்த்தான். ரோனா சர்க்கரையைப் பார்த்தாள்.

ஓபெத் கௌபாவை லீக்கில் தெரியாதவர் இல்லை. பாப்புவா நியூ கினியின் மலைப்பகுதியிலிருந்து வந்த முன்வரிசை ஆட்டக்காரன். பந்தோடு அவன் ஓடினால் அவனை நிறுத்த மூன்று பேர் தொங்க வேண்டும். சம்பளச் சீட்டின்படி வாரம் ஐந்நூற்று ஐம்பது பவுண்டு. அதற்கு மேல் ஓர் உறை என்றால் வரம்பு உடைந்தது, விஷயம் முடிந்தது.

"ரெண்டு வாரத்துக்குன்னு கிளப் கொண்டுவந்து விட்டாங்க," என்றார் வில்ஃப். "வேற இடம் கிடைக்குற வரைக்கும்னு. ரெண்டு வருஷம் ஆச்சு. யாரும் தேடவும் இல்ல, நானும் ஞாபகப்படுத்தலை."

மாடிப்படி அதிர்ந்தது. ஓபெத் தலையைக் குனிந்துகொண்டு நிலைக்குள் நுழைந்தான். தோளில் பயிற்சிப் பை.

"லாப்புன், ஆறரைக்குப் பயிற்சி. வந்து சாப்பிடுறேன்." அவன் ஊரில் வயதானவரை உரிமையோடு கூப்பிடும் சொல் அது. பிறகுதான் விருந்தாளிகளைப் பார்த்தான். "வணக்கம். லாப்புன், ஆள் வந்திருக்காங்கன்னு சொல்லவே இல்லையே. பிஸ்கட் கொடுத்தீங்களா?"

பேசிக்கொண்டே கையை நீட்டி, அடுப்புத் திண்டின் மேலிருந்த கடிகாரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். லீக்கின் விசாரணை அதிகாரி மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அது என்ன?" என்றாள் ரோனா.

"இதுவா? என் சம்பளம்."

"வியாழன்தோறும் வருமா?"

"ஆமா. முந்நூறு பவுண்டு. நாளைக்குக் காலையில ஊருக்கு அனுப்பணும். தங்கச்சி நர்ஸிங் படிக்கிறா."

"வங்கியில வர்ற ஐந்நூத்தி ஐம்பது போக இது முந்நூறா?"

ஓபெத் குழப்பத்தோடு அவளைப் பார்த்தான். "வங்கியிலயா? வங்கியில மார்ச்சுல இருந்து ஒண்ணும் வர்றதில்லையே. தலைவர் அடுத்த வாரம் அடுத்த வாரம்னு சொல்லிட்டே இருந்தார். அப்புறம்தான் கிளப் இப்படிக் கையில கொடுக்க ஆரம்பிச்சுது. மீதி பருவம் முடிஞ்சதும் தருவாங்களாம். லாப்புன்தான் போய்ப் பேசினார்." பையைச் சரிசெய்துகொண்டான். "மத்த பசங்களுக்குப் பரவாயில்ல. ஒருத்தன் தபால்காரன், ஒருத்தன் குழாய் ரிப்பேர். என் விசாவுல வேற வேலை செய்யக் கூடாது. சரி, நேரமாச்சு."

பின்கதவு சாத்தியது.

கிளிஃப்தான் முதலில் பேசினான். "மேடம், நான் பள்ளிக்கூடத்துல கணக்குல மோசம். ஆனா ஐந்நூத்தி ஐம்பது வர வேண்டிய இடத்துல முந்நூறு வந்தா, அது உச்சவரம்பைத் தாண்டினதா, தரையைத் தோண்டினதா?"

ரோனா பேனாவை மூடி வைத்தாள். காலையிலிருந்து அவள் தேடியது கூடுதல் பணத்தை. இங்கே இருந்தது குறைந்த பணம். பிரியர்லி கொடுத்த அந்த மினுமினுப்பான சம்பளச் சீட்டு ஒவ்வொன்றும் கொடுக்காத சம்பளத்துக்கான சீட்டு. வங்கிப் பட்டியல் ஏன் நாளைக்கு வருகிறது என்பது இப்போது புரிந்தது. வக்கீலோடு வரும், அல்லது வராமலே போகும்.

"தோர்ன்லி ஐயா," என்றாள். "கிளப் அந்த உறையைக் கொடுக்கலை. நீங்க கொடுக்கறீங்க. ஒவ்வொரு சொந்த மைதான ஆட்டத்துலயும் அறுநூறு. ரெண்டு வாரத்துக்கு ரெண்டு உறை. குலுக்கல்ல விக்காத சீட்டு ஒண்ணைப் பையில வெச்சுக்கிட்டு, அந்த எண்ணை அறிவிச்சுட்டு, பரிசு வாங்கினவர்னு சுவத்துல இருந்து ஒரு பேரைச் சிற்றேட்டுக்கு எழுதிக் கொடுத்தீங்க."

"ஆமா கண்ணு."

"தலைவருக்குத் தெரியுமா?"

"அவருக்குக் குலுக்கல்னு ஒண்ணு நடக்குறதே தெரியாது."

"சீட்டு வாங்கினவங்க காசு அது. அவங்கள்ல ஒருத்தருக்கு நியாயமாப் போகவேண்டிய பரிசு."

"தெரியும். ஐயாயிரத்து நானூறு. எழுதி வெச்சிருக்கேன்." அவர் குரல் தாழவும் இல்லை, உயரவும் இல்லை.

"நானூறு செங்கல் இருக்கு," என்றான் கிளிஃப். "ஏன் இந்த ஒன்பது பேர்?"

"மத்தவங்களுக்கு ஆள் இருக்கு. எங்க அப்பன் பேரு எப்படி வந்துச்சுன்னு யாராவது ஒருத்தன் வந்து நிப்பான். இவங்களுக்குக் கேக்க நாதி இல்ல. செங்கல்லுக்குக் காசு கட்டினதே கிளப்தான், பாவம்னு. தேடிப் பார்த்தேன். நானூறுல அப்படி ஒன்பது பேரு." கிளிஃபைப் பார்த்தார். "ஜாக்கைத் தூக்கினவன் ஒருத்தன் மிச்சம் இருக்கான்கிறதை மறந்துட்டேன். அது என் தப்பு."

ரோனா கைப்பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து மேசையில், இரண்டு தட்டுகளுக்கும் நடுவில் வைத்தாள்.

"இதை எழுதினதும் நீங்கதான்."

கிளிஃப் பிஸ்கட்டை டீயிலேயே விட்டுவிட்டான். "என்னது?"

"கிளப் தலைவருக்கு 1147-ன்னா வண்டி நம்பர். மதுக்கூடத்துல இருக்குற பலகை 1120-ல நின்னு போச்சு. அதுக்கு மேல இருக்குற எண்கள் ஒரே ஒரு பதிவேட்டுலதான் இருக்கு. வேற யாராவது காட்டிக்கொடுக்கணும்னா கௌபான்னு எழுதியிருப்பாங்க. ஆளை எண்ணால நினைக்கிறவர் நீங்க ஒருத்தர்தான். கிளிஃபைப் பார்த்ததும் பேர் சொல்லலை, 992-ன்னீங்க." அவள் சற்று நிறுத்தினாள். "எனக்கு அது புரியுது. எனக்குப் புரியாதது வேற. நல்லா ஓடிக்கிட்டு இருந்ததை நீங்களே ஏன் உடைச்சீங்க?"

வில்ஃப் எழுந்து அடுப்பைத் திறந்து பார்த்தார். மூடினார். மறுபடி உட்கார்ந்தார்.

"அந்த ஒன்பது பேரும் தீந்துபோச்சு. வர்ற ஞாயித்துக்கிழமைக்குப் பேர் வேணும். சுவத்துல போய் நின்னேன். கேக்க ஆள் இல்லாதது இன்னும் ஒண்ணு இருக்கு. மூணாவது வரிசை, வாசலை ஒட்டி."

"யாரு?"

"ஐவி. எங்களுக்குப் பிள்ளை இல்ல. அவளுக்குக் கேக்க வர்ற ஒரே ஆளு நான்தான். என்கிட்ட நான் கேக்க மாட்டேனே." விரலால் மேசைவிரிப்பை நீவினார். "காகிதத்தை எடுத்து வெச்சு எழுத உக்காந்தேன் கண்ணு. அவ பேரை ஒரே ஒரு தடவைதான் அச்சகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கேன். நாலு வருஷம் முன்னாடி, இரங்கல் அறிவிப்புக்கு. அதை எழுத ஒரு ராத்திரி ஆச்சு. இன்னொரு தடவை, பொய்க்காக, கை வரலை. அதே காகிதத்துல உங்களுக்கு எழுதினேன்."

கிளிஃப் டீயில் ஊறிப்போன பிஸ்கட்டைக் கரண்டியால் எடுத்து ஓரமாக வைத்தான்.

"ஒண்ணு கேக்கறேன்," என்றாள் ரோனா. "உறையைக் கிளப் கொடுக்கலைன்னு அவன்கிட்ட உள்ளதைச் சொல்லியிருக்கலாமே? லீக்குக்கு அப்பவே எழுதியிருக்கலாமே?"

"எழுதியிருந்தா அவன் ஈஸ்டருக்கே ஊருக்குப் போயிருப்பான்."

அவர் இரண்டாவது தட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"தங்கச்சி படிப்புக்குன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கலாம். எனக்கே கொஞ்ச நாள் அப்படித்தான் சொல்லிக்கிட்டேன். அது இல்ல. ஐவி போனதுக்கப்புறம் ரெண்டு வருஷம் இந்த மேசையில நான் நின்னுக்கிட்டே சாப்பிட்டேன். அவன் வந்தப்புறம்தான் உக்காந்தேன். வேற ஒண்ணும் இல்ல. அவ்வளவுதான்."

அப்போதுதான் ரோனாவுக்கு முதுகில் குளிர்காற்று பட்டது. பின்கதவு திறந்திருந்தது. ஓபெத் நின்றுகொண்டிருந்தான். ஆட்டத்தின்போது வாயில் மாட்டும் பல்காப்பை மறந்துவிட்டுப் போயிருந்தான். அது பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓரத்தில், ஒரு குவளையில் மிதந்துகொண்டிருந்தது.

எவ்வளவு நேரமாக நின்றான் என்று யாரும் கேட்கவில்லை. அவன் முகத்தில் தெரிந்தது.

மெதுவாக வந்து குவளையிலிருந்து பல்காப்பை எடுத்தான். சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்துக் கடிகாரத்துக்குப் பின்னால், இருந்த இடத்திலேயே வைத்தான்.

"நான் போகணுமா இருக்கணுமான்னு என்கிட்ட கேட்டிருக்கலாம், மிஸ்டர் தோர்ன்லி."

இரண்டு வருடத்தில் அந்தப் பெயரை அந்தச் சமையலறையில் அவன் சொன்னது அதுதான் முதல் முறை. வில்ஃபின் கை மேசைவிரிப்பில் அப்படியே நின்றுவிட்டது.

"ஓபெத்..."

"பயிற்சிக்கு நேரமாச்சு."

கதவு சத்தமில்லாமல் சாத்தியது. அறைந்து சாத்தியிருந்தால் தேவலை என்று ரோனாவுக்குத் தோன்றியது.

உறையைப் பார்த்தபடி வில்ஃப் கேட்டார். "கிளப் போயிடுமா?"

"உச்சவரம்பு மீறலை. புள்ளி வெட்ட இடமில்லை. அதை நாளைக்கு நான் சொல்லுவேன். பிரியர்லி கொடுக்காத சம்பளத்தைக் கொடுத்ததா எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கார். அதையும் சொல்லுவேன். அவர் போவார். அவருக்கு அப்புறம் யாராவது கிளப்பைத் தூக்கி நிறுத்தினா இருக்கும், இல்லேன்னா இல்ல." அவள் கடிதத்தை மடித்தாள். "குலுக்கலையும் எழுதித்தான் ஆகணும், ஐயா. என்னால அதை விட முடியாது."

"விடச் சொல்லி உங்களைக் கூப்பிடலை கண்ணு."

அவர்கள் எழுந்தார்கள். வில்ஃப் அடுப்பை அணைக்கவில்லை. தணலை மட்டும் குறைத்தார். மேசையில் தட்டுகள் இரண்டும் இருந்த இடத்தில் இருந்தன.

காரில் உட்கார்ந்த பிறகும் ரோனா சாவியைத் திருப்பவில்லை. எதிரே மைதான வாயில். பக்கவாட்டில் வில்ஃபின் வீடு. மைதானத்துக்குள்ளிருந்து பந்தை அடிக்கும் சத்தமும் பயிற்சியாளரின் கத்தலும் கேட்டன. அறிக்கையை மடியில் வைத்து எழுதத் தொடங்கினாள்.

"விடுதிக்குப் போகலையா மேடம்? முட்டை சாண்ட்விச் உங்களுக்காக ஏங்கிக்கிட்டு இருக்கும்."

"எழுதி முடிச்சுடறேன்."

"விடுதியில மேசை இருக்கு. நாற்காலி இருக்கு. விளக்குகூட இருக்கு."

"கிளிஃப்."

"சரி. நானும் பயிற்சி எப்ப முடியும்னுதான் பார்த்துக்கிட்டு இருக்கேன். உங்களை மட்டும் குத்தம் சொல்லக் கூடாது."

எட்டு மணிக்குத் தூறல் நின்றது. ஆகஸ்டு மாத வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆட்டக்காரர்கள் இரண்டு இரண்டு பேராக வெளியே வந்தார்கள். ஆட்டக்காரன் ஒருவன் காரை நிறுத்திக் கையை ஆட்டி, ஓபெத்தை ஏறச் சொன்னான். ஓபெத் குனிந்து ஏதோ சொன்னான். கார் போய்விட்டது.

அவன் சுவரருகே போனான். மூன்றாவது வரிசை, வாசலை ஒட்டி. ஒரு செங்கல்லின் முன் நின்றான். பூ எதுவும் கொண்டுவரவில்லை; கொண்டுவர வேண்டியிருக்கும் என்று காலையில் அவனுக்குத் தெரிந்திருக்காது. கட்டைவிரலால் அதன் மேலிருந்த பாசியைத் தேய்த்துவிட்டான். நேரம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக.

"போறதா இருந்தா பஸ் நிறுத்தம் வலது பக்கம்," என்றான் கிளிஃப், மிக மெல்ல.

ஓபெத் வலது பக்கம் பார்த்தான். பிறகு தெருவைக் கடந்தான். பின்சந்துக்குள் திரும்பவில்லை. இரண்டு வருடமாகப் பின்கதவு வழியாகவே வந்து போனவன், முன்வாசல் படிகளில் ஏறி, பையைக் கீழே வைத்து, முன்கதவைத் தட்டினான். வெளியாள் தட்டுவது போல, மூன்று தட்டு.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம். பிறகு காலடிச் சத்தம். நடுவில் அது ஒருமுறை நின்றது. அப்புறம் தாழ்ப்பாளோடு போராடும் சத்தம். நாலு வருடத்துக்கு முன் ஐவியைத் தூக்கிக்கொண்டு போனதற்குப் பிறகு அந்தக் கதவு திறந்திருக்காது. மழையில் ஊறி நிலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஓபெத் தோளால் ஒரு இடி இடித்தால் திறந்துவிடும். மூன்று பேரைச் சுமந்து ஓடுகிற தோள் அது.

அவன் இடிக்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, அவராகத் திறக்கும் வரை காத்துக்கொண்டிருந்தான்.